ஓடுனவளைக் கேளுங்க

ஒலிபெருக்கிக் குழாயை மரத்தில் கட்டுகிறவன் முதலில் அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று யோசிப்பான். அது விளக்கு மாதிரி நாலு பக்கமும் பரவுகிற சாமான் இல்லை. டோர்ச் லைட் மாதிரி, திருப்பி வைத்த பக்கத்துக்குத்தான் பாயும். அட்டன் டவுனிலிருந்து பேட்டரியும் பெட்டியுமாக வந்திருந்த பைஸருக்கு இதெல்லாம் கைவந்த வேலை. ஆனைக்கல் தோட்டத்து மைதானத்தின் ஓரத்தில் நின்ற சவுக்கு மரத்தில் குழாயைக் கட்டி, வாயைப் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பி வைத்தார். மைதானத்தில் நிற்கிறவர்களுக்கு எப்படியும் கேட்டுவிடும். எதிர்மலையில், தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில், லயத்து வரிசை வீடுகளில் கைக்குழந்தைக்காரிகளும் காய்ச்சல்காரர்களும் கிழடுகளும் கிடப்பார்கள். யார் ஜெயித்தார்கள் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். நடுவில் தேயிலையைத் தவிர வேறொன்றும் கிடையாது. இடுப்பளவுச் செடி சத்தத்தை மறிக்காது. அந்தப் பக்கத்துப் பாறையில் மோதித் திரும்பியும் வரும் என்பதால், மைதானத்தில் நிற்பவர்கள் ஒரே சொல்லை இரண்டு தரம் கேட்கலாம்.

அறுபத்திரண்டாம் வருஷம் பங்குனி மாதத்தில் நடந்த தோட்டத்து விளையாட்டுப் போட்டியில், ஆபீஸ் சின்னக் கிளாக்கர் முத்துலிங்கம் அடித்த கேலியும் அப்படித்தான் இரண்டு தரம் கேட்டது.

முத்துலிங்கம் ராகலைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வானொலியில் பேட்டி எடுக்கிறவர்களின் தோரணை அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் ஜெயித்தவரை மைக்குக்கு முன்னால் நிறுத்தி நாலு கேள்வி கேட்பது என்று அந்த வருஷம் புதுசாக ஏற்பாடு செய்தவர் அவர்தான்.

ஆண்களுக்கான ஒரு சுற்று ஓட்டத்தில் செல்லசாமி ஜெயித்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், நெட்டைக் கால்.

"செல்லசாமி, ஆரம்பத்துல பின்னாடி இருந்தீங்க. எந்த எடத்துல முந்தணும்னு முடிவு பண்ணுனீங்க?"

"வளைவு தாண்டின பொறகுதாங்க."

"மூச்சு எப்புடி விடுவீங்க? வாயாலயா, மூக்காலயா?"

செல்லசாமி இரண்டாலும் என்றான். ஜனங்கள் கை தட்டினார்கள். மைக்குக்குப் பக்கத்தில் தன் முறைக்காக நின்ற நாகலெட்சுமி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெண்கள் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள் அவள். இப்படிக் கேள்வி கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டால் சொல்ல அவளிடம் ஒன்று இருந்தது.

பந்தயம் முடிகிற இடத்தில் குறுக்கே கயிறு பிடித்திருப்பார்கள். ஓடுகிறவர்கள் எல்லாரும் அந்தக் கயிற்றைப் பார்த்து ஓடுவார்கள். வந்துவிட்டோம் என்று கண்ணுக்குத் தெரிந்ததுமே கால் தன்னாலே தளர ஆரம்பித்துவிடும். ஓடுகிறவளுக்கே அது தெரியாது. போன வருஷம் நாகலெட்சுமி தோற்றது கடைசி நாலு எட்டில். ஏன் என்று ஒரு வருஷம் யோசித்தாள். இந்த வருஷம் கயிற்றைப் பார்க்கவில்லை. கயிற்றுக்குப் பின்னால் வெகுதூரத்தில் நின்ற ஒரு மரத்தைப் பார்த்து, பந்தயம் அங்கேதான் முடிகிறது என்று நினைத்துக்கொண்டு ஓடினாள். கயிறு நெஞ்சில் பட்டபோதும் அவள் கால் தளரவில்லை. இதைக் குழாய் வழியாகச் சொன்னால் எதிர்மலைப் பெண்களுக்கும் உதவும் என்று நினைத்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நாகலெட்சுமி," என்றார் முத்துலிங்கம், சிரித்தபடி. "இவ்வளவு வேகமா ஓடுற பொண்ணை எந்த மாப்பிள்ளை வெரட்டிப் புடிப்பான்?"

கூட்டம் சிரித்தது.

"நான் கயித்தப் பாக்காம..." என்று தொடங்கினாள்.

"கயித்தப் பாக்கலையாம். தாலிக் கயித்தத்தான் பாத்தியா?" கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. "சரி, நீ இப்புடி ஓடிக்கிட்டே இருந்தா அடுப்புல சோத்த யாரு வடிக்கிறது? பேச மாட்டேங்குது, வெக்கம். மாப்பிள்ளைய வெளிய எதுக்குத் தேடணும்? இந்தா நிக்கிறாரு செல்லசாமி. ஆம்பளையில மொதலு, பொம்பளையில மொதலு. அடுத்த வருஷம் ரெண்டு பேரும் மாலையோட வந்து ஓடட்டும்."

சிரிப்பு சட்டென்று நின்றது. எதிர்மலைப் பாறை மட்டும், மாலையோட வந்து ஓடட்டும் என்று இன்னொரு தரம் சொன்னது.

ஏன் நின்றது என்றால், கேலி பேசுவதற்கு அங்கே ஒரு சட்டம் உண்டு. மாமன் மகனும் அத்தை மகனும் ஒரு பெண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் சீண்டலாம். அவளும் பதிலுக்குச் சீண்டலாம். கட்டிக்கொள்கிற முறை என்பதால் யாருக்கும் அதில் கோபம் வராது. சித்தப்பா பெரியப்பா மக்கள் அண்ணன் தங்கச்சி. அவர்களுக்குள் அந்தப் பேச்சு நிழலுக்குக்கூட வரக்கூடாது. செல்லசாமியின் அப்பாவும் நாகலெட்சுமியின் அப்பா சிவசாமியும் பங்காளிகள். தோட்டத்தில் எல்லாருக்கும் இது தெரியும். ராகலையிலிருந்து வந்தவருக்குத் தெரியாது. அண்ணனையும் தங்கச்சியையும் மாலை மாற்றச் சொல்லி, இரண்டு மலைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார்.

செல்லசாமி தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான். பைஸர் ஓடி வந்து பெட்டியில் ஒரு குமிழைத் திருகினார். குழாய் செத்துப்போனது.

பொழுது சாய்வதற்குள் கீழ்க்கணக்கிலிருந்து செல்லசாமியின் ஆட்கள் சிவசாமியின் லயத்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒங்க பிள்ளை வாயை மூடிக்கிட்டு நின்னுச்சே, அண்ணன்னு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்கள். சிவசாமி, ஒங்க பையன் மட்டும் என்ன வாயைத் தெறந்தான் என்றார். அவர்கள் போன பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"நுவரெலியாவுக்கு ஒருத்தரும் போகத் தேவையில்ல."

சித்திரையில் நுவரெலியாவில் தோட்டங்களுக்கு இடையில் போட்டி. ஒவ்வொரு தோட்டத்திலும் முதலாவது வந்தவர்கள் போக வேண்டும். நாகலெட்சுமி ஒரு வருஷமாக ஓடியது அதற்காகத்தான்.

"நான் என்னப்பா செஞ்சேன்?"

"நீ செஞ்சியோ அவரு செஞ்சாரோ. பேரு கெட்டது யாருக்கு?"

அம்மா ராசம்மா சோற்றுப் பானையை இறக்கிவைத்தாள். "அந்த ஐயா மேல பெரிய தப்பு இல்லங்க. தெரியாம சொல்லிப்புட்டாரு. நம்ம சின்னராசா பேரச் சொல்லியிருந்தா ஒரு பேச்சும் வந்திருக்காது. எங்க அண்ணன் மகன். எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிருப்பாங்க."

"சின்னராசா கடைசியில வந்தான்," என்றாள் நாகலெட்சுமி. "அவன் பேர எதுக்கு எடுக்கணும்?"

"ஏண்டி, பேச்சுக்குச் சொன்னேன்."

"எந்த ஆம்பளை பேரையும் எதுக்கு எடுக்கணும்? ஓடுனது நானு."

அப்பாவும் அம்மாவும் அவளைப் பார்த்தார்கள். அவள் கோபம் எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. தப்பான ஆளைச் சேர்த்துவைத்தார் என்பது ஊருக்குக் கோபம். கேள்வியில் ஓர் ஆளே வந்திருக்கக் கூடாது என்பது அவளுக்குக் கோபம். முதல் கோபத்துக்குக் கூட்டம் இருந்தது. இரண்டாவது கோபத்துக்கு அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றபோது, பின்னாலிருந்து ஒருவன் மாலை வாங்கியாச்சா என்றான். அவள் திரும்பவில்லை. இன்னொருவன், ஓடிரப் போவுது, பாத்துக் கேளுடா என்றான்.

மத்தியானம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூடையோடு ஆபீசுக்குப் போனாள். தோட்டத்து ஆபீசுக்குள் தொழிலாளர்கள் நுழைய முடியாது. பக்கச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். வெளியே மண்ணில் நின்று, தலையை அண்ணாந்து, உள்ளே மேசைக்கு முன்னால் இருக்கிறவரிடம் பேச வேண்டும். ஜன்னல் உயரமாக இருப்பதால் கேட்கிறவர் எப்போதும் கீழே நிற்பார்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"லீவுன்னா கணக்கப்பிள்ளைகிட்ட போ," என்றார் முத்துலிங்கம் நிமிராமல்.

"லீவு இல்லீங்க. செல்லசாமி அண்ணன்கிட்ட ஓட்டத்தப் பத்திக் கேட்டீங்க. எங்கிட்ட சோறு வடிக்கிறதப் பத்திக் கேட்டீங்க. ஏங்க அப்புடி?"

இப்போது நிமிர்ந்தார். "அட, அது தமாசு. சனங்க சிரிக்க வேணாமா? கொழும்புல, வெளிநாட்டுலகூட ஓடுற பொம்பளைங்ககிட்ட இதத்தான் கேக்குறாங்க. அவங்க சிரிச்சுக்கிட்டே பதில் சொல்றாங்க."

"நான் சிரிக்கலீங்களே."

"அந்தப் பையன் ஒனக்கு அண்ணன் மொறைன்னு எனக்கு எப்புடித் தெரியும்? தப்புத்தான். அத ஒத்துக்கிறேன்."

"நான் அந்தத் தப்பச் சொல்லலீங்க."

"வேற என்ன தப்பு?"

"அண்ணன்கிட்ட அவரு வீட்டுல சோத்த யாரு வடிக்கிறான்னு கேட்டீங்களா?"

"அவன் ஆம்பளை. அவன்கிட்ட அதக் கேட்டா அவனுக்கு அவமானம்."

"எனக்கு?"

"ஒனக்கு என்ன அவமானம்? நீ வடிக்கத்தானே போற?" அவர் உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். அதுதான் அவளை எரித்தது. வேண்டுமென்று அடிக்கிறவனைத் திருப்பி அடிக்கலாம். "இங்க பாரு புள்ள, நல்லா ஓடுற. அழகா சிரிச்சிட்டுப் போயிருந்தா பத்திரிகையில பேர் வர்ற மாதிரி செஞ்சிருப்பேன். மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டா யாருக்குப் பிடிக்கும்?"

"பிடிக்கிறதுக்கு ஓடலீங்க," என்றாள். அதற்குள் அவர் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். கீழ்க்கணக்கு ஆட்கள் கோயில் திருவிழாவுக்கு வரமாட்டோம் என்று சொன்னதால் முடியவில்லை. சாமி தூக்குவதில் பாதி ஆட்கள் அவர்கள்தான். தொழிற்சங்கத் தலைவர் சோலைமலை, ஒரு கிளாக்கரை லயத்து ஆட்களுக்கு முன்னால் நிறுத்துகிற வாய்ப்பு கிடைத்தது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாலும், வெளியே வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய் வந்தார். முத்துலிங்கம் வெற்றிலைத் தட்டோடு கோயிலுக்கு வர ஒத்துக்கொண்டார்.

இந்த வெற்றிலை வேலை செய்கிற விதம் இதுதான். தப்புச் செய்தவர் தட்டை நீட்டிக் குறையைச் சொல்ல வேண்டும். குறைப்பட்டவர் ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்க முடியாது. எடுத்தால் குற்றம் எடுத்தவர் மேல் போய்விடும்.

கோயில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். முத்துலிங்கத்தின் வெள்ளைச் சட்டை அங்கே தனியாகத் தெரிந்தது.

"தெரியாம வந்த வார்த்தை," என்றார் அவர், தட்டைச் சிவசாமியிடம் நீட்டி. "இனிமே இந்தப் பிள்ளை எனக்குக் கூடப்பொறந்த தங்கச்சி. செல்லசாமியும் அண்ணன், நானும் அண்ணன். சாமி முன்னால சொல்றேன்."

கூட்டத்தில் திருப்தியான முனகல் எழுந்தது. தப்பான முறையைச் சரியான முறையால் மூடியாகிவிட்டது.

"எங்கிட்ட ஒண்ணும் கேக்கலையே," என்றாள் நாகலெட்சுமி சுவரோரத்திலிருந்து.

சோலைமலை திரும்பிப் பார்த்தார். "ஒங்கப்பா எடுத்தா நீ எடுத்த மாதிரித்தாம்மா. எடுத்துட்டா நுவரெலியாவுக்குப் போகலாம். எடுக்கலைன்னா இந்தப் பேச்சு இப்புடியே நிக்கும், நீயும் இங்கயே நிப்ப. சொல்லு, எடுக்கவா வேணாமா?"

அவள் நுவரெலியா மைதானத்தைப் பார்த்ததில்லை. நல்ல புல்தரை என்று கேள்விப்பட்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டாள். சிவசாமி வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சித்திரையில் தோட்டத்து லொறி ஆட்களை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனது. பொறுப்பாக முத்துலிங்கம். துணைக்கு சிவசாமி. முன் தினம் நல்ல மழை. ஆண்கள் ஓட்டங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் பெண்களைக் கூப்பிட்டார்கள்.

நாகலெட்சுமி ஜெயித்தாள். இரண்டாவதாக வந்த டயகமத் தோட்டத்துப் பெண்ணுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டியை விடலாம்.

அவள் இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, கழுத்தில் கெமரா தொங்க ஒருவர் வந்தார். கொழும்பிலிருந்து வந்த பத்திரிகைக்காரர். அவள் நிமிர்வதற்குள் முத்துலிங்கம் குறுக்கே வந்து நின்றார்.

"என்னோட தங்கச்சிதான் சார். நம்ம தோட்டம்."

"ஓ, நீங்க அண்ணனா? நல்லது. எப்புடிப் பழகினாங்க?"

"நான்தான் ஊக்கம் குடுத்தது. பிள்ளை கொஞ்சம் கூச்சம், அதிகம் பேசாது. நான் சொல்றேன், எழுதிக்கிங்க."

நாகலெட்சுமிக்கு அப்போதுதான் வெற்றிலையின் இன்னொரு பக்கம் தெரிந்தது. அண்ணன் என்றால் கேலி பேச முடியாது, சரி. அண்ணன் என்றால் அவளுக்காகப் பேசலாம். அன்றைக்குக் கேலி பேசியவர் கேள்வியையாவது அவளிடம் கேட்டார். இன்றைக்குப் பதிலும் அவரே.

"அடுத்து எங்க ஓடப் போறாங்க?"

"அடுத்து கல்யாணந்தான் சார். எத்தனை நாளைக்கு ஓடிக்கிட்டிருக்கிறது? பெரியவங்க நாங்க இருக்கோம், பாத்துச் செய்வோம்."

சிவசாமி கொஞ்சம் தள்ளி, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாகலெட்சுமி அவரைப் பார்த்தாள். இப்போது வாயைத் திறந்தால் வெற்றிலை முறியும். குற்றம் தன் மேல், அப்பா மேல் வரும். அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்காது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"இவரு எனக்கு அண்ணன் இல்லீங்க," என்றாள்.

பத்திரிகைக்காரரின் பேனா நின்றது.

"எங்க தோட்டத்துக் கிளாக்கர். எனக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. ஓடுனது நானு. ஓடுனவளைக் கேளுங்க."

முத்துலிங்கத்தின் முகம் கறுத்தது. "சாமி முன்னால சொன்னது, மறந்திட்டியா?"

"நீங்கதான் சொன்னீங்க. நான் சொல்லல."

பத்திரிகைக்காரர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். வீட்டுச் சண்டை என்று நினைத்திருக்க வேண்டும். நிலைமையைச் சமாளிக்கிறவர் போலச் சிரித்தார். "சரி, சரி. நீங்களே சொல்லுங்க. வீட்டுல சமையல் யாரு, நீங்கதானா?"

நாகலெட்சுமி திரும்பி, காலைக் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

திரும்பும்போது முத்துலிங்கம் லொறியின் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏறுவதற்கு முன்னால் சிவசாமியைக் கூப்பிட்டார். சத்தமாகவே பேசினார்.

"வெத்தலைய வாங்கினது நீங்க. ஒங்க மக என்னைய ஊர் முன்னால யாருமில்லைன்னு சொல்லிருச்சு. தலைவர்கிட்ட நான் போவேன்."

"போங்க ஐயா," என்றார் சிவசாமி. "வாங்கினேன். மென்னு துப்பியும் ஆச்சு. இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"இனிமே இந்தத் தோட்டத்துப் பேருல இது ஓடாது. நான் பாத்துக்கிறேன்."

சிவசாமி பின்னால் ஏறினார். செல்லசாமிகூட அவள் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். மலை வளைவுகளில் லொறி சாயும்போதெல்லாம் பத்துப் பேரும் ஒரே பக்கம் சாய்ந்து ஒரே பக்கம் நிமிர்ந்தார்கள். நாகலெட்சுமி பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா எப்போது தொடங்குவார் என்று காத்திருந்தாள். திட்டு விழும், அடிகூட விழலாம்.

தலவாக்கலை தாண்டிய பிறகுதான் சிவசாமி வாயைத் திறந்தார். குரலில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

"வளைவுல எதுக்கு வெளிய போன?"

அவளுக்கு உடனே விளங்கவில்லை. "என்னப்பா?"

"அத்தனை பேரும் உள்பக்கமா ஓடுறாளுக. நீ மட்டும் எவ்வளவோ தூரம் வெளிய சுத்தி வர்ற. பாத்துக்கிட்டிருந்த எனக்கு உசுரு போயிருச்சு. தோத்திருப்ப."

"உள்பக்கம் சேறுப்பா. காலையில இருந்து ஆம்பளைங்க மிதிச்சு மிதிச்சுக் கொழப்பி வச்சிருந்தாங்க. வெளிப்பக்கம் யாரும் ஓடல, புல்லு அப்புடியே இருந்துச்சு. சேத்துல காலு அழுந்தும், அழுந்துன கால உருவி எடுக்கணும். புல்லுல அது இல்ல."

"தூரம் கூடத்தானே?"

"தூரம் கூடத்தான்."

"அந்த டயகமப் பிள்ளை உள்ளுக்குள்ளயே வந்து ஒங்கிட்ட நெருங்கிருச்சே."

"வளைவு வரைக்குந்தான் நெருங்குச்சு. பொறகு பாத்தீங்கல்ல."

"பாத்தேன் பாத்தேன். அது வழுக்குனதுனால நீ பொழச்ச."

"ஏன் வழுக்குச்சு? சேத்துல ஓடுனதுனாலதான்."

"மழை பேயாம இருந்திருந்தா?"

"மழை பேயலைன்னா நானும் உள்ளதான் ஓடியிருப்பேன்."

சிவசாமி அதை ஒத்துக்கொள்ளவில்லை. காலைச் சாய்த்து வைத்தால் சேற்றிலும் ஓடலாம் என்றார். அப்படி ஓடினால் கணுக்கால் பிசகும் என்றாள் அவள். தண்ணீர்க் கான் வெட்டுகிறவன் சேற்றில்தான் நிற்கிறான், எனக்குத் தெரியாதா என்றார். நிக்கிறது வேற, ஓடுறது வேற என்றாள். செல்லசாமி தலையைத் தூக்கி, பெரியப்பா, அது சொல்றது சரிதான், நானும் அதே எடத்துல சறுக்குனேன் என்றான். நீ சும்மா இரு, ஒன்னைய யாரு கேட்டா என்றார் சிவசாமி.

கொட்டகலை வரைக்கும் அந்தச் சண்டை ஓயவில்லை.